தைப்பொங்கல்: பானையில் தொடங்கித் தொழுவம் வரை, எது எதற்காக?

ஜனவரி பிறந்ததும் பொங்கல் வைக்கச் 'சரியான முறை' சொல்லும் காணொளிகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. எத்தனை கரும்பு சாத்த வேண்டும், மஞ்சள் கொத்தை எப்படிக் கட்ட வேண்டும், குழம்புக்கு எத்தனை காய் என்று ஆளுக்கொரு கணக்கு. திருநெல்வேலிக்காரர் பனங்கிழங்கு இல்லாமல் படையல் போட மாட்டார். ஈரோட்டுக்காரருக்குப் பனங்கிழங்கு நினைவிலேயே வராது. ஆனால் காப்புக்கட்டாமல் அவருக்குப் பொங்கலே தொடங்காது. இரண்டும் சரிதான். தையில் அந்தந்த மண்ணில் எது விளைந்து நிற்கிறது, அடுப்பெரிக்க எது கிடைக்கிறது, வீட்டில் மாடு இருக்கிறதா என்பதை ஒட்டியே ஒவ்வொரு ஊர் வழக்கமும் அமைந்தது. காரணம் பிடிபட்டால், எதை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றினால் காரியம் கெடும் என்பதும் பிடிபடும்.

14-ஆ, 15-ஆ?

பொங்கல் திதி பார்த்து வருவதில்லை. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம்தான் கணக்கு. தீபாவளியைப் போல வாரக்கணக்கில் முன்பின் நகராமல், ஜனவரி 14, 15 என்ற இரண்டு தேதிக்குள் அது நிற்பதற்குக் காரணம் இதுவே. நுழைவு பொழுது சாய்வதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே தை 1. பொழுது சாய்ந்தபின் நிகழ்ந்தால் மறுநாள். இது தமிழ்நாட்டு விதி. கேரளத்தில் பகலின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதுதான் எல்லை. ஆகவே சில ஆண்டுகளில் ஒரே நுழைவுக்கு இரு மாநிலங்களிலும் மாதப் பிறப்பு ஒரு நாள் தள்ளி அமையும்.

இந்த நுழைவு ஆண்டுதோறும் சுமார் 6 மணி 9 நிமிடம் பிந்துகிறது. லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அதை ஒரு நாள் முன்னே இழுத்துவிடுகிறது. வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2024-ல் நுழைவு ஜனவரி 15 அதிகாலை 3 மணியை ஒட்டி நிகழ்ந்தது, பொங்கல் 15. 2025-ல் ஜனவரி 14 காலை 9 மணியை ஒட்டி நிகழ்ந்தது, பொங்கல் 14. பழைய சூத்திரங்களை ஒட்டிய வாக்கியப் பஞ்சாங்கம் சற்று வேறு நேரம் காட்டும். நுழைவு மாலைப்பொழுதை ஒட்டி வரும் ஆண்டுகளில்தான் இந்த வித்தியாசம் ஒரு முழு நாளாக மாறிக் குழப்பம் உண்டாக்கும்.

லீப் ஆண்டு திருத்தியும் ஒரு மிச்சம் இருக்கிறது. ராசியைப் பின்பற்றும் ஆண்டு, நாம் சுவரில் மாட்டும் ஆங்கில ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் கூடிவிடும். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள் என்பதை நினைத்துப் பார்த்தால் நகர்வு கண்ணுக்குத் தெரியும். உத்தராயணக் கதையும் இதில்தான் வருகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறது. மகர நுழைவும் அந்தத் திருப்பமும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, மாறாமல் தங்கிவிட்டது.

காலை 9 மணிக்குத் தை பிறக்கிற ஆண்டில், பானையை விடியலில் ஏற்றுவதா, தை பிறந்தபின் ஏற்றுவதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு எழும். சூரியனுக்கு வைக்கும் பொங்கல் ஆகையால் உதயத்தை ஒட்டி வைப்பது பழைய கிராம வழக்கம். பஞ்சாங்க நேரம் பார்ப்பது இன்னொரு வழக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைச் செய்தார்களோ அதைச் செய்யுங்கள். இதில் வேறு தீர்ப்பு கிடையாது.

போகியும் காப்பும்

மார்கழி கடைசி நாள் வீடு ஒழிக்கும் நாள். வெள்ளையடித்து, பரண் துடைத்து, கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் விடியற்காலையில் வாசலில் எரியும். கோரைப்பாயும் ஓலைக்கூடையும் எரிந்தவரை அது பெரிய கேடில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தபின் கதையே வேறு. ஜனவரி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெம்மையாகவும் இருக்கும், காற்றோட்டமும் குறைவு. கிளம்பிய புகை மேலே போக வழியில்லாமல், பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடுகிறது. 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது இதனால்தான். அதே குப்பையை மாலை வெயிலில் எரித்தால் புகை அடர்த்தி குறையும் என்று சிலர் சொல்வார்கள். டயரின் நச்சு எந்த நேரத்திலும் நச்சுதான்.

கொங்கு நாட்டில் அன்று மாலை காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி, வாசல் நிலை, தொழுவம், கிணற்றடி, வயல் வரப்பு என ஓரிடம் விடாமல் செருகுவார்கள். சில ஊர்களில் மாவிலை, தும்பை, பிரண்டையும் சேரும். பூளை என்பது வெள்ளைப் பஞ்சுக் கதிர் விடும் சிறுபூளை. மார்கழி, தையில் வேலியோரம் தானாகவே பூத்துக் கிடக்கும். நகரத்தில் காசு கொடுத்து வாங்கும்போது, கதிர் பழுத்து உதிராமல் இளவெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முற்றியது மறுநாளே வீடெங்கும் பஞ்சாகப் பறக்கும்.

படையலில் இருப்பது வயலில் நிற்பது

அறுவடைத் திருநாள் என்கிறோம். காவிரிப் படுகையில் தை முதல் நாளன்று எல்லா வயலும் அறுத்து முடிந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழமையான அட்டவணை. பொங்கலுக்குப் பிறகும் இரண்டு வாரம் தண்ணீர் ஓடுகிறது என்றால் பயிர் நிற்கிறது என்றுதான் பொருள். ஆடி, ஆவணியில் விதைத்த நீண்டகாலச் சம்பாவில் முந்தி விதைத்தது மட்டும் பொங்கலுக்கு அரிவாளைக் காணும். பெருவாரி அறுவடை தை, மாசியில்தான். குறுவை அறுத்த வயலில் நடும் தாளடி அதற்கும் பின். அணை தாமதமாகத் திறந்த ஆண்டுகளில் நடவு ஐப்பசிக்குத் தள்ளிப்போய், புத்தரிசிக்குக் கடைக்குப் போவதும் நடக்கும். நாலு கதிரை முன்கூட்டி அறுத்துக் கொண்டுவந்து நிலையில் கட்டிவிட்டு, வீட்டில் இருக்கும் குறுவை அரிசியில் பொங்கல் வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

மஞ்சளும் அப்படித்தான். வைகாசி, ஆனியில் நட்டது முழுதாக முற்ற ஒன்பது மாதம் ஆகும். பொங்கலுக்குப் பிடுங்குவது இலை காயாத பச்சைச் செடி. கிழங்கு விற்பனைக்கு நட்டவர் அதைப் பிடுங்க மனம் வராமல் நிற்பார். கொத்துக்கென்றே ஓரத்தில் தனியாகப் போடுகிறவர்கள் உண்டு.

கரும்பில்தான் விவசாயிக்குப் பெரிய சூதாட்டம். சாத்துவதற்கும் கடிப்பதற்கும் வாங்கும் கருஞ்சிவப்புப் பன்னீர்க் கரும்பு ஆலைக் கரும்பு அல்ல. தோல் மெலிது, சாறு அதிகம். சித்திரை, வைகாசியில் நட்டு மார்கழிக் கடைசியில் வெட்டுவது. எட்டு, ஒன்பது மாதப் பயிருக்குச் சந்தை பத்து நாள்கூட இல்லை. பொங்கலுக்கு மறுநாள் விலை தரைக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக் காற்று மழையில் சாய்ந்தால் தண்டு வளைந்து போகும், வளைந்த கரும்பை எவரும் சாத்துவதற்கு வாங்க மாட்டார்கள். அதனால்தான் சோகை எனும் காய்ந்த இலையை உரித்துக் கழி நட்டுக் கட்டுவதற்கு அத்தனை கூலி. 15 முதல் 20 வரை கொண்ட கட்டாக விற்பனைக்கு வரும். வாங்கும்போது வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே சிவப்புக் கோடும் இடையிடையே வெள்ளைத் திட்டும் புளித்த வாடையும் இருந்தால் அது செவ்வழுகல், தள்ளிவிடுங்கள்.

தென்மாவட்டத்துப் படையலில் பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, பிடிகருணை, வள்ளி எனக் கிழங்குகள் குவிவது அந்த மண்ணுக்கு ஏற்றதே. பனை நிறைந்த ஊர், ஆவணியில் புதைத்த பனங்கொட்டை தையில் கிழங்காகும் பருவம். அடுப்பெரிப்பதும் காய்ந்த பனையோலைதான். பற்றினால் உடனே பெருந்தீ வரும், உடனே அடங்கும். பானை பொங்குவதற்கு இதைவிட ஏற்ற விறகில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து ஓலை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பானை அமர்வதும் செங்கல்லின்மேல் அல்ல, பொங்கல்கட்டியின்மேல். மண்ணைப் பிசைந்து உயரமாகப் பிடித்து, காயவைத்து, வெள்ளையடித்துக் காவிப்பட்டை தீட்டிய மூன்று கட்டிகள். பொங்கலுக்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் பிடித்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் தீ பட்டதும் விள்ளும், பானை சாயும்.

பானை

புதுப் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று வந்தால் எடுக்கலாம். சொத்தென்று அடங்கிய ஓசை வந்தால் மயிர்க்கோடு விரிசல் எங்கோ இருக்கிறது. வாங்கியதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். வடித்த கஞ்சியை ஊற்றி மிதமான தீயில் ஒருமுறை கொதிக்கவிட்டால் மாவுச்சத்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும்.

மண்பானை வெடிப்பதற்கு அபசகுனம் காரணமல்ல. மூன்று தவறுகளில் ஒன்று நடந்திருக்கும். வெறும் பானையைத் தீயில் வைத்துப் பிறகு தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். தொடக்கத்திலேயே பெருந்தீ ஒரு பக்கமாக அடித்திருக்கும். கொதிக்கிற பானையில் குளிர்ந்த தண்ணீரோ பாலோ விட்டிருப்பார்கள். மண் ஒரே சீராகச் சூடேற நேரம் வேண்டும். முதல் பத்து நிமிடம் சிறுதீ, அதன்பின்தான் ஓலையைத் தள்ள வேண்டும்.

கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் இலை மேல்நோக்கி நிற்கும்படி இருக்கட்டும். தொங்கவிட்டால் ஓலைத்தீ இலையைப் பிடிக்கும். பருத்தி நூலை மஞ்சளில் நனைத்துக் கட்டுங்கள். கொத்தோடு கடையில் கட்டித் தரும் பிளாஸ்டிக் நார் உருகிச் சொட்டும்.

பொங்கி வழிவதற்கு ஒரு முறை இருக்கிறது. பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஏடாகப் படர்ந்து ஆவியைப் பிடித்து வைக்கின்றன. அரிசி களைந்த தண்ணீரில் மாவுச்சத்து இருப்பதால் நுரை கெட்டிப்படுகிறது. கழுத்து குறுகிய பானையில் அந்த நுரைக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஆகவே பொங்க வேண்டுமானால் மூன்று வேண்டும்: குறுகிய வாய், கழுத்தளவு உலை, பாலும் களைந்த நீரும். அகலமான பாத்திரத்தில் அரைப்பாகம் தண்ணீர் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு ஏன் பொங்கவில்லை என்பது இதில் விளங்கும்.

3 லிட்டர் பானைக்கு அளவு இப்படி. பச்சரிசி 300 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 75 கிராம். உலைக்கு இரண்டாம் முறை களைந்த நீரும் பாலும் சேர்த்து இரண்டேகால் முதல் இரண்டரை லிட்டர், அதில் பால் கால் லிட்டர் போதும். பொங்கி வழிந்து, குலவையும் 'பொங்கலோ பொங்க'லும் முழங்கி முடிந்தவுடன் உலைநீரில் முக்கால் லிட்டர் மொண்டு அடுப்போரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அரிசி, பருப்பு. வேகும்போது தண்ணீர் குறைந்தால் அந்த மொண்ட நீரையே விடலாம். சூடாக இருப்பதால் பானைக்கும் கேடில்லை. புத்தரிசி பழைய அரிசியைவிடக் குறைவாகத் தண்ணீர் இழுக்கும், சீக்கிரம் குழையும். பழைய அரிசி அளவில் தண்ணீர் வைத்துவிட்டுக் கஞ்சியாகப் போய்விட்டதே என்பது ஆண்டுதோறும் கேட்கிற புலம்பல்.

வெல்லம் 450 முதல் 500 கிராம். அதைத் தனியே கரைத்து, கொதிக்கவைத்து, மண் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை விரலால் நசுக்கினால் நடுவில் பொட்டுகூட இல்லாமல் மசிய வேண்டும், அதுவரை வெல்லப்பாகு பானையைத் தொடக் கூடாது. முன்னால் விட்டால் இனிப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் விறைப்பாகவே நிற்கும். பால் தளதளவெனக் கொதிக்கும்போது வெல்லத்தைக் கொட்டினால் திரியவும் கூடும். தீயைத் தணித்து, பாகை விட்டு, 100 முதல் 125 கிராம் நெய்யை இரண்டு மூன்று தவணையாக ஊற்றிக் கிளறினால் கரண்டியில் சுருண்டு வரும். முந்திரி, திராட்சை, ஐந்தாறு ஏலக்காய். பச்சைக் கற்பூரம் இரண்டு அரிசியளவு. அதற்குமேல் போனால் கோயில் தீர்த்தம் போல் கசக்கும்.

கிராமத்தில் இதற்குப் பக்கத்தில் வைக்கும் வெண்பொங்கல், ஓட்டலில் கிடைக்கும் மிளகு சீரகப் பொங்கல் அல்ல. புத்தரிசியும் பாலும் மட்டும். பல வீடுகளில் உப்பும் கிடையாது. தொட்டுக்கொள்ள ஏழோ ஒன்பதோ காய் போட்ட பொங்கல் குழம்பு. பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி, கருணை என அன்றைய கொல்லையில் இருப்பதெல்லாம் அதில் போகும். எண்ணிக்கையைவிடப் போடும் வரிசை முக்கியம். கருணையைப் புளித்தண்ணீரில் தனியே வேகவைத்து எடுத்தால்தான் நாக்கு அரிக்காது. மொச்சையும் கிழங்கும் முதலில், வாழைக்காயும் கத்தரியும் பிறகு, பரங்கி கடைசியில். பரங்கியை முதலில் போட்டால் கரைந்து குழம்பு முழுக்க இனிக்கும்.

அடுக்குமாடியில் கேஸ் அடுப்பில் மண்பானை வைப்பவர்கள், அடி தட்டையான பானையாக வாங்கி, அடுப்புக்கும் பானைக்கும் நடுவே ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போடுங்கள். கேஸ் தீ நடுவில் ஒரே இடத்தில் குவிவதால் அடி அங்கேயே விண்டுவிடும். கல் அந்தச் சூட்டைப் பரப்பும். வழியும் பால் பர்னரை அடைத்துத் தீ அணைந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். அதனால் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, வழிந்ததும் திருகை மூடிவிட்டுத் துடைத்து மறுபடி பற்றவையுங்கள். வெண்கலப் பானைக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளே பூசிய வெள்ளீயம் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணு, காணும் பொங்கல், சிறுவீடு

மறுநாள் விடியலில் பெண்கள் மஞ்சள் இலை விரித்து, முந்தைய நாள் சோற்றில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு எனப் பிடி பிடித்து, சர்க்கரைப் பொங்கலும் தயிர்ச்சோறும் சேர்த்துக் காக்கைக்கு வைப்பது கணுப்பிடி; கூடப்பிறந்தவர்கள் நலமாயிருக்க. காணும் பொங்கல் சென்னையில் கடற்கரைக் கூட்டம், தென்மாவட்டங்களில் கறிநாள். மதுரைப் பக்கம் பொங்கலன்று அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்ற வரிசையில் சல்லிக்கட்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப்பின் மாநிலம் சட்டம் திருத்தியது, 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது.

நெல்லைப் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கல் வெளியூரில் அவ்வளவாகத் தெரியாது. மார்கழி முழுக்கக் கோலத்தில் சாணப் பிள்ளையார்மேல் வைத்த பூசணிப்பூவை எருவாகத் தட்டிக் காயவைத்திருப்பார்கள். தையில் ஒரு நாள் முற்றத்தில் சிறுமிகள் களிமண்ணால் சின்ன வீடு கட்டி, சின்னப் பானையில் பொங்கி, அந்த எருவை ஆற்றில் விடுவார்கள்.

தொழுவம்

மாட்டுப் பொங்கலைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், தவறு நடந்தால் உயிர்போகும் இடம் இதுதான். கொம்பு சீவி, கழுவி, வண்ணம் பூசுவது காலை வேலை. எண்ணெய்ப் பெயிண்டைவிடக் காவியும் நீரில் கரையும் வண்ணமும் நல்லது. மாடுகள் ஒன்றையொன்று நக்கும். சீவும்போது நுனியில் மெல்லிய பரப்போடு நிறுத்த வேண்டும். கொம்பின் உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது, ஆழமாகச் செதுக்கினால் சீழ் வைக்கும். மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் அன்று புதிதாக மாறும். கழுத்துக்கு நெட்டி மாலை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் குளத்து நெட்டியை வெட்டி, சாயம் ஏற்றி, தாழை நாரில் கோத்துச் செய்வது. மாடு தின்றுவிட்டாலும் அது வெறும் செடித்தண்டுதான். கடைவீதியின் பளபளக்கும் பிளாஸ்டிக் மாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கொங்கில் பட்டிப் பொங்கல். தொழுவத்து வாசலில் சாணத்தால் கரைகட்டிச் சிறு தெப்பக்குளம் அமைத்து நீர் நிரப்பி, மாட்டை அதில் மிதித்துத் தாண்டவிடுவார்கள். 'பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக' என்ற கூவல் பட்டியைச் சுற்றிவரும்.

பிறகு வாழையிலையில் பொங்கல் ஊட்டுவது. இங்கேதான் பாசம் மிஞ்சிப் போகிறது. மாட்டின் முதல் வயிறு வைக்கோலையும் புல்லையும் மெதுவாக நொதிக்கவைக்கப் பழகியது. குழைந்த சோறும் வெல்லமும் பழமும் ஒரேயடியாக உள்ளே போனால், நுண்ணுயிர்கள் அதைச் சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலமாக்கிவிடும். அமிலம் ஏறியதும் இரைப்பை அசைவு நின்றுபோகும். ஒரு மாட்டுக்கு இரண்டு பிடி போதும். அதையும் வைக்கோல் தின்று முடித்தபின் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் அல்ல. வீட்டார், பக்கத்து வீட்டார், வந்த விருந்தாளி என்று ஆளுக்கொரு உருண்டை கொடுப்பதுதான் ஆபத்து; ஒவ்வொருவருக்கும் தான் கொடுத்தது கொஞ்சமாகவே தெரியும். எஞ்சிய சோற்றுப் பானையைத் தொழுவத்துக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். இரவில் கயிறு நழுவிய மாடு நேரே அங்கேதான் போகும்.

மறுநாளுக்குள் மாடு அசைபோடாமல் நிற்பது, இடப்பக்க விலா உப்புவது, சாணி புளித்த வாடையோடு நீர்த்துப் போவது, தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். உடல் எடைக்குத் தக்க அளவில் சமையல் சோடா கரைசல் கொடுத்து, நரம்பு வழியே திரவம் ஏற்றி அவர் மீட்பார். அதுவரை தீவனத்தை நிறுத்திவிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து கொட்டம் எனும் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுகிற வைத்தியம் வேண்டாம். தளர்ந்த மாட்டுக்கு அது விழுங்கும் வழியில் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.